நோயாளிகளுக்காகப் பேசினா டாக்டருக்கு வேலை போகுமா? கோரக்பூரிலிருந்து ஒரு பாடம்!

அட்லி இயக்கிய 'ஜவான்' பார்த்திருப்பீங்க. ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜன் இல்லாம குழந்தைகள் இறந்துபோவாங்க. ஓடி ஓடி உயிரைக் காப்பாத்தப் பார்த்த டாக்டர் மேலேயே பழி விழும். கதை கற்பனைதான். ஆனா, அந்தக் காட்சியைப் பார்த்த பலருக்கும் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் ஞாபகம் வந்தது. 2023-ல் படம் வெளியான பிறகு, டாக்டர் கஃபீல் கான் ஷாருக் கானுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதமே எழுதினார்.

படத்துல அந்த டாக்டருக்கு மூணு மணி நேரத்துக்குள்ள நியாயம் கிடைச்சுடுது. நிஜத்துல?

அந்த ராத்திரி

2017 ஆகஸ்ட் 10. கோரக்பூர் பி.ஆர்.டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திரவ ஆக்ஸிஜன் சப்ளை தடைப்பட்டது. சப்ளை செய்த நிறுவனத்துக்கு மருத்துவமனை வைத்திருந்த பாக்கி 60 லட்சம் ரூபாய்க்கும் மேல். பணம் கேட்டு அந்த நிறுவனம் ஏற்கெனவே கடிதம் மேல் கடிதம் அனுப்பியிருந்தது. அடுத்தடுத்த நாள்களில் குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்துபோனார்கள். ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் யாரும் சாகவில்லை என்றது மாநில அரசு.

அந்த இரவு தனியார் மருத்துவமனைகளில் அலைந்து சிலிண்டர்களைக் கொண்டுவந்தவர் குழந்தைகள் நல மருத்துவர் கஃபீல் கான். முதல்ல அவரை ஹீரோன்னு கொண்டாடினாங்க. சில நாள்லயே காட்சி மாறிடுச்சு. ஆகஸ்ட் மாதமே சஸ்பெண்ட், செப்டம்பரில் கைது. சுமார் எட்டு மாதம் சிறை.

2018 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அவர் தனிப்பட்ட முறையில் அலட்சியமாக இருந்தார் என்று காட்ட ஆதாரம் எதுவும் இல்லை என்றும் குறிப்பிட்டது. வெளியே வந்தவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. பாக்கியைக் கட்டாத மேலிடத்தின் நிர்வாகத் தோல்விதான் காரணம்னு போற இடமெல்லாம் பேசினார்.

விசாரணையே தண்டனையாகும்போது...

இங்கேதான் நீங்க கவனிக்கணும். ஒரு டாக்டரை உடனே டிஸ்மிஸ் பண்ணிட்டா அவர் கோர்ட்டுக்குப் போய் தடை வாங்கிடலாம். அதனால பெரும்பாலும் ஃபைல் மெதுவாத்தான் நகரும்.

கஃபீல் கான் விஷயத்தில், துறை விசாரணை அறிக்கை 2019 ஏப்ரலில் தயாரானது. அவர் கைக்கு வந்தது செப்டம்பரில். மருத்துவ அலட்சியத்துக்கும் ஊழலுக்கும் ஆதாரம் இல்லை என்றது அறிக்கை. ஆனால் தனியார் ப்ராக்டீஸ் குற்றச்சாட்டைச் சுட்டிக்காட்டி, 'இது க்ளீன் சிட் இல்லை' என்றது அரசு. 2020 பிப்ரவரியில் மறுவிசாரணை. 2021 ஆகஸ்ட்டில் அந்த மறுவிசாரணையும் வாபஸ்.

இடையில் 2018-ல் பஹ்ரைச் மாவட்ட மருத்துவமனைக்குப் போய், காய்ச்சலில் கிடந்த குழந்தைகளைப் பார்த்ததற்காக ஒரு கைது, அதையொட்டி இரண்டாவது சஸ்பென்ஷன். அந்த சஸ்பென்ஷனுக்கு உயர் நீதிமன்றம் 2021-ல் தடை விதித்தது. அலிகர் பல்கலைக்கழகத்தில் பேசிய பேச்சுக்காக 2020-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. அந்தக் காவல் சட்டவிரோதமானது என்று சொல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் மறுபடியும் ஏழு மாதம் சிறையில் போய்விட்டது.

கடைசியில் 2021 நவம்பரில் பணிநீக்கம். விசாரணையில் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றது அரசு. என்னுடன் சஸ்பெண்ட் ஆனவர்களில் பலரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டு என்னை மட்டும் ஏன் அனுப்புகிறீர்கள் என்பது அவரது கேள்வி. பிறகு அவர் சமாஜ்வாதி கட்சி சார்பில் மேலவைத் தேர்தலில் நின்று தோற்றார். அவருடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனா, ஆக்ஸிஜன் பில்லை ஏன் கட்டலைங்கிற கேள்விக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

அவர் மட்டுமல்ல

ஆந்திராவின் நர்சிப்பட்டினம் அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணராக இருந்தவர் டாக்டர் சுதாகர் ராவ். 2020 ஏப்ரலில், கொரோனா உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், 'எங்களுக்கு மாஸ்க் இல்லை' என்று வெளிப்படையாகச் சொன்னார். சஸ்பெண்ட் ஆனார். அடுத்த மாதமே விசாகப்பட்டினம் சாலையில் போலீஸ் அவர் கைகளைக் கட்டி இழுத்துப்போன வீடியோவை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் சி.பி.ஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2021 மே மாதம் மாரடைப்பில் இறந்துபோனார்.

நம்ம ஊர்ல? 2019-ல் தமிழ்நாடு அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடங்கள் வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. போராட்டத்தில் இருந்த 118 பேருக்கு இடமாறுதல் உத்தரவு வந்தது. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுகளை ரத்து செய்தது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இதயநோய் நிபுணர் ராஜ் மாட்டு, நான்கு படுக்கைக்கான இடத்தில் ஐந்தாவது படுக்கையைப் போடுவது உயிருக்கு ஆபத்து என்று 2001-ல் வெளியே சொன்னார். 2002-ல் சஸ்பெண்ட், 2010-ல் டிஸ்மிஸ். 2014-ல் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார். 2016-ல் 12 லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. ஆனா ஒரு நல்ல டாக்டரின் பல வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பாங்க?

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

நீங்க நெய்வேலி பக்கத்துல வடக்குத்துல இருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. உடம்புக்கு முடியலைன்னா குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். வீட்ல யாராவது என்.எல்.சி-யில நிரந்தர வேலையில இருந்தா டவுன்ஷிப்ல இருக்குற என்.எல்.சி மருத்துவமனை. இல்லைன்னா தனியார். இந்த மூணு இடத்து டாக்டருக்கும் சட்டத்துல ஒரே பாதுகாப்பு கிடையாது.

அரசு டாக்டருக்கு அரசியலமைப்பின் 311-வது பிரிவு துணை நிற்கும். விசாரணை நடத்தாமல், அவர் தரப்பைக் கேட்காமல் நீக்க முடியாது. பொதுத்துறை நிறுவன டாக்டருக்கு இந்த 311 பொருந்தாது. நிறுவனத்தின் பணி விதிகளும், தன்னிச்சையாக நடத்தக் கூடாது என்கிற 14-வது பிரிவும்தான் அவருக்குத் துணை. தனியார் டாக்டருக்குக் கையில் இருப்பது வேலை ஒப்பந்தம் மட்டுமே. பெரும்பாலும் ஒரு மாத நோட்டீஸோடு கதை முடிந்துவிடும்.

முறைகேட்டை வெளியே சொல்பவர்களைக் காக்க 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் வருடக்கணக்காக அதை அமலுக்குக் கொண்டுவரவில்லை.

நீங்க என்ன பண்ணலாம்?

'டாக்டர் சஸ்பெண்ட்' என்று ஒரு செய்தி உங்க வாட்ஸ்அப்ல வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, அவர் குறையைச் சொன்ன தேதி எது, அவர் மேல குற்றச்சாட்டு வந்த தேதி எது? ரெண்டு, விசாரணை அறிக்கை வெளியே வந்துச்சா, அதுல என்ன இருக்கு? மூணு, அவர் சொன்ன குறை சரியாயிடுச்சா?

டாக்டர்கள்லயும் தப்பு பண்றவங்க இருக்காங்க. அவங்க மேல விசாரணை நடக்கத்தான் வேணும். ஆனா இந்த மூணு கேள்விக்கும் பதில் தேடினா, எது ஒழுங்கு நடவடிக்கை, எது பழிவாங்கல்னு ஓரளவு பிடிபட்டுடும். மருந்து, படுக்கை, ஆக்ஸிஜன் இருப்பு பத்தி அரசு மருத்துவமனையில ஆர்.டி.ஐ மனு போட யாருக்கும் உரிமை உண்டு. ஒரு டாக்டர் தனியாளா கேட்டா அது 'ஒழுங்கீனம்'. ஊரே சேர்ந்து எழுதிக் கேட்டா பதில் சொல்லியே ஆகணும்.

ஒரு டாக்டரை நீக்கினால் போவது ஒரு வேலை மட்டுமில்லை. அதைப் பார்த்துக்கிட்டிருக்கிற இன்னும் நூறு டாக்டர்கள், அடுத்த தடவை சிலிண்டர் காலியாகப்போறது தெரிஞ்சும் மேலிடத்துக்கு ஒரு வரி எழுதத் தயங்குவாங்க. அந்த வார்டுல படுத்திருக்கப்போறது உங்க வீட்டுக் குழந்தையா இருக்கலாம்.