விடத் தெரிந்த தூண்டில்

பொழுதுபோக்கு என்று நாம் இலேசாகச் சொல்லிவிடுவன பலவற்றுள்ளே, மனிதனுக்குப் பொறுமையைக் கற்பிப்பதில் தூண்டில் போடுதலுக்கு நிகரானது வேறில்லை. முப்புறமும் கடல் சூழ்ந்து, நடுவிலும் பரவைக்கடல் விரிந்து கிடக்கும் யாழ்ப்பாணத்திலே இக்கலை வளர்ந்ததில் வியப்பொன்றுமில்லை. சனிக்கிழமை மாலையிற் பண்ணைப் பாலத்தடியிலோ, 2011ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற சங்குப்பிட்டிப் பாலத்தின் அருகிலோ சென்று பாருங்கள். ஆசிரியர், எழுதுவினைஞர், கடைக்காரர் எனப் பலரும் தங்கூசியைக் கையிற் பிடித்தபடி மௌன விரதம் பூண்டிருப்பர். போர்க் காலத்திலே கிளாலிப் பரவையை இருளில் அஞ்சி அஞ்சிக் கடந்தவர்களின் பிள்ளைகள், இன்று அதே நீரின் கரையில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு நண்பரோடு அமர்ந்திருத்தல் சிறிய பேறன்று.

தூண்டிற்காரர் யாவரும் கனவு காணும் மீன் கொடுவா. கனடாவிலே குடியேறிய எம் நண்பர் ஒருவர், அங்கே ‘வோல்ஐ’ என்னும் ஏரிமீனைத் தேடித் தோழர்களுடன் செல்வதாக அடிக்கடி எழுதுவார். அம்மீனின் கண், விளக்கொளி பட்டதும் கண்ணாடிபோல் மின்னுமாம். எங்கள் கொடுவாவின் கண்ணும் அவ்வாறே செந்தணல்போல் ஒளிரும். விழியின் உட்புறத்தே ஒளியைத் திருப்பி எறியும் படலம் ஒன்று அமைந்திருப்பதே காரணம். எனவே இரண்டுமே மங்கிய வெளிச்சத்தில் இரை தேடுவதில் வல்லன. பொழுது சாயும் வேளையும், நீர் கலங்கி ஓடும் இடமும் கொடுவாவுக்கு உகந்தன. அமாவாசை, பூரணையை அடுத்த நாள்களில் வற்று, பெருக்கு மிகுவதால், பாலங்களின் கீழே நீரோட்டம் வலுக்கும். ஓட்டத்தோடு வரும் சிறு மீனை எதிர்நோக்கி, கொடுவா தூணின் நிழலிலே பதுங்கி நிற்கும்.

இனி இரையைப் பற்றிச் சில சொல்வாம். விருந்தாளியின் வாய்க்கேற்பச் சமைப்பதே விருந்தோம்பல். கொடுவா தன் பெருவாயைத் திறந்து, நீரோடு இரையையும் உறிஞ்சி விழுங்கும் இயல்பினது. அதற்கு உயிருள்ள இறாலும் சிறு மடவையுமே சிறந்தவை. இறாலின் தலையிலே கருமையாய்த் தெரியும் உறுப்பைத் துளைத்துவிடாது, கொம்பின் அடியிலோ வாலிலோ தூண்டிலைக் கோத்தால் அது நெடுநேரம் துள்ளும். பாரைக்கும் விளைமீனுக்கும் கணவாய்த் துண்டு நன்று; அது எளிதிற் கழன்று போகாது. ஓராவோ பெரும்பாலும் பாசி மேய்வது. அதனை இறால் காட்டி அழைத்தல், வெள்ளிக்கிழமை விரதகாரரை மீன்குழம்புக்கு அழைப்பதை ஒக்கும்!

தூண்டில் வாங்கும்போது புதியோர் மயங்குவதுண்டு. இலக்கம் கூடக் கூடத் தூண்டில் சிறுக்கும். ஆனால் 1/0, 2/0 எனச் சுழி சேர்ந்து வருவனவற்றில், இலக்கம் கூடக் கூடத் தூண்டில் பெருக்கும். கொடுவாவின் செவுள்மூடி கத்திபோற் கூரியது. ஆதலால் தூண்டிலுக்கு அருகே ஒரு முழ நீளத்துக்கேனும் தடித்த தங்கூசியைத் தொடுத்தல் வேண்டும். ஈயக்குண்டு, நீரோட்டத்தை எதிர்க்கும் அளவுக்கு மட்டும் பாரமாயிருந்தாற் போதும்.

இவற்றிலும் முக்கியமானது தூண்டிலின் வடிவம். வழக்கமான தூண்டிலை மீன் சிலவேளை இரைப்பை வரை விழுங்கிவிடும். நுனி உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டிலோ, பெரும்பாலும் வாயின் ஓரத்திலே மாட்டிக்கொள்ளும். அதற்கு வெடுக்கென்று இழுத்தலாகாது. கயிற்றை மெல்ல இறுக்கினாற் போதும். இவ்வளவு கவனம் எதற்கு என்று வாசகர் வினவலாம். பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவதற்கே!

கொடுவாவின் வாழ்க்கை விந்தையானது. அது முதலில் ஆணாகவே பருவமடைந்து, சில ஆண்டுகள் கழிந்து உடல் பெருத்த பின்னரே பெண்ணாக மாறுகின்றது. ஆகவே, நாம் மார்பு நிமிர்த்திப் படம் எடுத்துக்கொள்ளும் மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் ஒரு தாய். ஒரு முறையிலே பல இலட்சம் முட்டை இடவல்லது. சிறியதைக் கொன்றால், வருங்காலத் தாயை இழக்கிறோம். பெரியதைக் கொன்றாலோ, பல ஆண்டு பொறுத்து உருவான தாயையே இழக்கிறோம். நடுத்தரமான ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மற்றவற்றை விடுதலே அறிவுடைமை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே பல வலயங்களில், ஒருவர் வைத்துக்கொள்ளும் வோல்ஐ மீன்களுள் 46 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது ஒன்றுதான் இருக்கலாம் என்பது சட்டம். இங்கே அத்தகைய சட்டம் வரும்வரை நாம் ஏன் காத்திருத்தல் வேண்டும்?

பிடித்ததை நீருக்கே திருப்புதல் நமக்குப் புதிதன்று. நாகபட்டினத்து நுளைப்பாடியிலே வாழ்ந்த அதிபத்த நாயனார், நாள்தோறும் ஒரு மீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டார். ஒன்றே அகப்பட்ட நாளிலும் அவ்வாறே செய்தார். அவர் செய்தது பக்தியால். வலை இழுத்து வாழ்ந்த அவரே அவ்வாறு விட்டாரெனில், பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடும் நமக்கு விடுவது பெரிய காரியமா?

விடும்போதும் முறை உண்டு. கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுக. செவுளிலே தூக்கித் தொங்கவிடாது வயிற்றைத் தாங்குக. தூண்டில் ஆழத்திற் சென்றிருப்பின், பிடுங்காது நூலை அறுத்துவிடுக. நீருக்குள் நிறுத்திப் பிடித்து, அது தானே வாலை அசைத்து விலகும்வரை பொறுத்திருக்க.

இன்னுமொன்று. பரவைக்கடலை நம்பி உலை வைப்பவர் கடற்றொழிலாளர், நாமோ விருந்தாளிகள். அவருடைய களங்கண்டியின் அருகே தூண்டில் எறிதலும், வலைமேல் எறிந்து சிக்கவைத்தலும் தகா. அறுந்த தங்கூசியைக் கரையில் விட்டு வருதலும் தகாது. அது உக்குவதற்கு நெடுங்காலம் செல்லும், அதற்குள்ளே பறவைகளின் கால்களைக் கட்டிவிடும். மண்டைதீவுப் பக்கத்துக்குப் பூநாரைகள் வந்து நிற்கும் காலத்தில் இதை மறவாதிருப்போமாக.

வரும் வார இறுதியில் நண்பரோடு புறப்படுவோர், இரைவாளி, பறி, விளக்கு ஆகியவற்றுடன் வட்டத் தூண்டில் நான்கையும் எடுத்துச் செல்க. பறி நிரம்பாத இரவிலும் பேச்சுக்குக் குறைவிராது. நாம் இன்று விட்ட கொடுவாவின் குஞ்சுகள், நம் பிள்ளைகள் தூண்டில் பிடிக்கும் வயதிலே அதே பாலத்தடியில் இரை தேடி வரக்கூடும்.