கொடுக்கும் கையும் வாங்கும் முகமும்



கிறிஸ்துமஸ் நெருங்கும் வேளையில், கித்தாரும் விளக்கும் ஏந்திய பாடகர் குழுவினர் லயம் லயமாக வருவதை நாம் அறிவோம். பாடி முடித்ததும் வீட்டார் தேநீர் தருவர். இயன்றவர் உண்டியலில் காசு இடுவர். அக்காசு பின்னர் வறியோர் வீட்டுக்கு அரிசியாகப் போய்ச் சேரும். இல்லாதவர் வாசலிலும் அவர்கள் அதே பாட்டைத்தான் பாடுகின்றனர். அங்கே அவர்கள் விருந்தினரேயன்றிக் கொடைவள்ளல்கள் அல்லர்.

தாய்நாட்டைப் பிரிந்து பணியாற்றிய சில வீரர்களின் கொடை இங்கு நம் நினைவுக்கு வருகிறது. 1952ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலம். பசிபிக் பெருங்கடலில் உள்ள குவாம் தீவிலிருந்து அமெரிக்க விமானப்படையின் பி-29 விமானமொன்று பறந்து சென்றது. பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே, கப்பிங்காமராங்கி என்னும் சிறு பவளத்தீவின் மக்கள் மேலே நோக்கிக் கையசைத்தனர். கண்ட வீரர்கள் விமானத்தில் கிடைத்த பொருள்களை மூட்டையாகக் கட்டி, வான்குடையில் இறக்கினர். அன்று தொடங்கியது ஆண்டுதோறும் டிசம்பரில் தொடர்கிறது. 2015 முதல் ஜப்பானிய, ஆஸ்திரேலிய விமானங்களும் சேர்ந்துகொண்டன.

பெட்டிகளில் இருப்பவை யாவை? அரிசி, மீன்பிடிக் கருவிகள், துணிமணிகள், பள்ளிப் பொருள்கள். கடல் சூழ்ந்த ஊருக்குத் தூண்டிலும் வலையும் அனுப்பத் தெரிந்தவரின் அறிவை நாம் பாராட்டுகிறோம். வான்குடைத் துணியைக்கூடத் தீவினர் வீணாக்குவதில்லை. வீரர்களுக்கும் இதில் பயனுண்டு. குறித்த இடத்தில் பொருளை இறக்கும் பயிற்சி அவர்களுக்குக் கிடைக்கிறது. அதை அவர்கள் மறைப்பதுமில்லை.

நாம் கூற வந்தது இனிமேல்தான். அத்தீவில் முதலில் கையசைத்தவர்கள் தீவினர். வீரர்கள் அதற்கு மறுமொழி தந்தனர். எவரும் வரிசையில் நின்று பெயர் கூப்பிடக் காத்திருக்கவில்லை.

நம்மிடையே நடப்பதென்ன? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவுக்குச் சென்றிருந்தோம். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தனர். முதற்படம் சரியாக அமையவில்லையென்று, ஒரு சிறுமி அதே பையை மறுமுறையும் வாங்க நேர்ந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் பெயரைக் கேட்டும் எழவில்லை. ஆசிரியை அருகில் சென்று தட்டியபோதும் தலை குனிந்தே இருந்தான். வீட்டில் அரிசி இல்லை என்பதை அவன் தாய் அண்டை வீட்டாரிடம்கூடச் சொன்னதில்லையாம்.

நன்கொடைக்குக் கணக்கு வேண்டாமா எனச் சிலர் வினவலாம். வேண்டும்தான். வாங்கிய பொருள்களின் பற்றுச்சீட்டு இருக்கிறது. கட்டிவைத்த பெட்டிகளைப் படமெடுக்கலாம். பிள்ளையின் முகம் எதற்கு? (நன்கொடையாளரின் முகம் படத்தில் விழாவிட்டால் கொடை நின்றுவிடுமெனில், அதை விளம்பரச் செலவில் எழுதிக்கொள்ளட்டும்.)

ஆகவே இவ்வாண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். காலணியின் அளவையும் வீட்டின் தேவையையும் வகுப்பாசிரியர் முன்கூட்டியே தனிமையில் கேட்டறியட்டும். பெட்டிகளில் பெயர் எழுத வேண்டாம். பாடகர் குழு லயத்துக்கு வரும் மாலையில், ஒவ்வொரு வீட்டிலும் பாட்டு ஒலிக்கட்டும்; எல்லா வீட்டுக்கும் ஒரு பலகாரப் பொட்டலம் போகட்டும். அவற்றுள் சில மட்டும் சற்றுக் கனமாக இருக்கும். எவை என்பது தூக்கிச் செல்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.