உறுப்பினர் இல்லாத வார்டுகள்

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். ஒன்றை மட்டும் மறந்துவிட்டோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தமிழகத்தின் எந்தப் பேரூராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் தனி அலுவலர் ஆட்சி.

சந்தையைப் பேருந்து நிலையத்துக்கு மாற்றியதும், தொற்று கண்ட வீட்டின் முன் தகரம் அடித்ததும் உத்தரவின்படி நடந்தன. அலுவலர்களும் தூய்மைப் பணியாளர்களும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தச் சந்தில் அடுப்பெரியவில்லை, எந்தக் கிழவி தனியே கிடக்கிறாள் என்பதை உத்தரவு அறியாது. வாக்குக் கேட்டு அந்த வீட்டுப் படியேறியவர் அறிந்திருப்பார். அறியாவிட்டால் தெருவில் நிறுத்திக் கேட்கவாவது நமக்கு உரிமை இருந்திருக்கும்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பது 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புற அமைப்புகளுக்கு விதித்த கடமை. சிற்றூர்களுக்கும் அதே விதிதான். ஆயினும் 2025 ஜனவரியில் பெரும்பாலான கிராம ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் சென்றன. நாமோ, மீண்டும் வாளாவிருந்தோம்.