மலடிப் பட்டமும் மறைத்த வியாதியும்

கலியாணமாகி இரண்டு வருஷத்திற்குள் ஒரு பெண் முழுகாமல் இராவிட்டால், நம் நாட்டில் முதலில் கூப்பிடப்படுகிறவன் ஜோசியன். அவன் நாகதோஷம் என்கிறான். மாமியார் சஷ்டி விரதம் என்கிறாள். பெண்ணும் பட்டினி கிடந்து அரச மரத்தைச் சுற்றுகிறாள். புருஷனோ திண்ணையில் வெற்றிலை போட்டுக் கொண்டிருக்கிறான். அவனையும் சுற்றச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. மலடி என்ற சொல் தெருவெல்லாம் புழங்குகிறது. மலடன் என்பது அகராதியில் தூங்குகிறது. இரண்டாந்தாரத்தை 1955ம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் தடுத்த பிறகும், பிள்ளையில்லை என்று அவளைத் தாய்வீட்டிற்குத் துரத்துகிறவர்கள் இல்லாமற் போகவில்லை.

சங்கதி என்னவென்றால், கர்ப்பப்பையின் வாயில் அழற்சி என்று ஒரு வியாதி உண்டு. அதற்குக் காரணங்கள் பல. முக்கியமானவை இரண்டு கிருமிகள். ஒன்று நம்மவர் வெட்டை என்கிற கொனோரியா. அதன் கிருமியை 1879ல் நெய்சர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். மற்றது கிளமிடியா. இரண்டும் உடலுறவால் தொற்றுகிறவை. கற்பு, கற்பு என்று கதவைச் சாத்தி வைத்த பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்திருக்கும்? அரச மரத்திலிருந்தா என்று கேட்கின்றோம்.

இவ்வியாதியின் கெடுதல் என்னவென்றால், பலருக்கு யாதொரு அடையாளமும் தெரியாது. சிலருக்குச் சீழ் போன்ற வெள்ளையும், உறவுக்குப் பின் இரத்தக் கசிவும் காணும். "உடம்புச் சூடு" என்று வெந்தயத்தையும் மோரையும் கொடுத்து மூடிவிடுகிறார்கள். கிருமி மேலே ஏறிக் கருக்குழாயைப் புண்ணாக்குகிறது. ஆறும்போது தழும்பு விழுந்து குழாய் அடைபட்டால், விந்தும் முட்டையும் சந்திப்பது எங்கே? அரைகுறையாய் அடைபட்டாலோ, கரு குழாயிலேயே தங்கி, வெடித்து, தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். சரியான இடத்தில் தங்கினாலும், கவனியாமல் விட்ட தொற்றினால் பனிக்குடம் முன்னதாக உடையவும், குறைமாதத்தில் பிரசவமாகவும் கூடும். பிள்ளையின் கண்ணிலும் கிருமி ஏறும். இதற்காகவே 1880ல் கிரெடே என்ற ஜெர்மன் வைத்தியர் பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட ஆரம்பித்தார். நம்மவரோ அந்தக் குருட்டை முற்பிறப்புக் கர்மத்தில் பற்று எழுதினார்கள்.

நிற்க. பிள்ளையில்லாமைக்கெல்லாம் இதுவே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நாமும் ஜோசியன்தான். ஆணின் விந்தில் குறையிருப்பதும் உண்டு. சோதித்துப் பார் என்பதே நமது அபிப்பிராயம். பஞ்சில் தொட்டெடுத்த கசிவிலோ சிறுநீரிலோ இக்கிருமிகள் அகப்பட்டுவிடும். கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை 7 நாள். கர்ப்பிணிக்கு அதற்குப் பதில் அசித்ரோமைசின். வெட்டைக்குச் செப்ட்ரியாக்சோன் ஊசி. ஆனால் தழும்பு விழுந்த குழாயை எந்த மாத்திரையும் திறக்காது. கோயில் கோயிலாய் ஓடித் தொலைத்த வருஷங்களின் விலை அதுதான்.

புருஷனும் கூடவே மருந்து சாப்பிட வேண்டும். இல்லையேல் குணமானவளுக்கு மறுபடியும் அவனே கொடுத்துவிடுவான். இங்கேதான் நம் தோழர்கள் சிலரின் யோக்கியதையும் வெளியாகிறது. மாநாட்டில் பெண் விடுதலைத் தீர்மானத்திற்கு இரண்டு கையையும் தூக்குகிறார்கள், ஆஸ்பத்திரி என்றதும் "எனக்கென்ன, அவளைக் காட்டினால் போதாதா?" என்கிறார்கள். தோழர்களே, சோதனைக்கு நீங்கள் எந்தக் கிழமை போகிறீர்கள்?