மளிகைச் சீட்டின் கடைசி வரிகள்

மாதச் சாமான் சீட்டு எல்லா வீட்டிலும் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் என்றுதான் தொடங்குகிறது. பில் எகிறுவது கீழே வந்து ஒட்டிக்கொள்ளும் வரிகளில்: பிஸ்கட், பாலில் கலக்கும் பானப் பொடி, நூடுல்ஸ், சிப்ஸ், குளிர்பானம். ஆனால் கை இறுகும்போது நாம் வெட்டுவது மேல் வரிகளைத்தான். பருப்பு முக்கால் கிலோ ஆகிறது, முட்டை குறைகிறது, பழம் நின்றேபோகிறது. குழந்தை அழுமே என்று பிஸ்கட் மட்டும் தப்பித்துவிடுகிறது. வெட்ட வேண்டியது கீழிருந்து மேலே என்பதுதான் என் கட்சி.

அந்தப் பானப் பொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் தெரியும், சில வகைகளில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. இவற்றை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை.

அந்தக் காசில் கேழ்வரகு வாங்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டிவைத்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். நிழலில் உலர்த்தி, வாசம் வரும்வரை வறுத்து, பொட்டுக்கடலையும் இரண்டு ஏலக்காயும் சேர்த்து மில்லில் கொடுத்தால் கஞ்சி மாவு தயார். வேலைக்குப் போகிறவர்கள் முளைகட்டாமல் வறுத்து அரைத்தாலும் போதும். தினை பிஸ்கட், வரகு நூடுல்ஸ் என்று அட்டைப்பெட்டிக்குள் போன சிறுதானியத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. சிலவற்றில் மைதாவும் சர்க்கரையும் கூடவே வருகின்றன, விலையும் கூடுதல்.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்ததிலிருந்து, இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்கிற இடம் அது. புடலை, பீர்க்கு, சுரை, பூசணி என்று அந்தந்தப் பருவத்தில் குவிந்துகிடப்பதை வாங்கினாலே பை நிறைந்துவிடும். அங்கே என் மனசு தாங்காத காட்சி ஒன்று உண்டு. முள்ளங்கியை எடுத்துக்கொண்டு, “இலையைக் கிள்ளிப் போட்டுடுங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த இலையைப் பொடியாக நறுக்கி, பாதி வெந்த பாசிப்பருப்பும் ஒரு பிடி தேங்காய்த்துருவலும் போட்டு இறக்கினால் ஒரு வேளைப் பொரியல் ஆயிற்று. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு ஆகும்.

புரதத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். வருகிற மாதம் விடாமல் வாங்கிவிடுங்கள். தட்டைப்பயறும் கொள்ளும் மாற்றி மாற்றிக் குழம்பாகட்டும். மீன் சாப்பிடுகிறவர்கள் வஞ்சிரத்துக்கு ஏங்க வேண்டாம். மத்தியில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. நெத்திலியை முள்ளோடு மென்றால் கால்சியமும் சேரும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல வீடுகளில் சிக்கனம் என்பது கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் தட்டில்தான் விழுகிறது. மீன் தீர்ந்திருக்கும், குழம்பு இருக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதனால் முருங்கைக்கீரை சமைக்கிற அன்றைக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். கடைசியாகச் சாப்பிடுகிற அந்தப் பெண்ணின் பங்கை முதலிலேயே எடுத்துவையுங்கள். கூடவே எலுமிச்சை பிழிந்துகொண்டால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ அதைத் தடுக்கும் என்பதால், டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.