வங்கக் கடலின் வெப்பக் கணக்கு

2020 மே மாதம் வங்கக் கடலில் எழுந்த ஆம்பன், 1999 ஒடிசா பெரும்புயலுக்குப் பின் அக்கடல் கண்ட முதல் சூப்பர் புயல். அதற்கு அவ்வலிமையை ஊட்டியது கடலின் வெப்பமே. ஒரு கிலோ நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் வெப்பத்தைக் கடலிடமிருந்து கவர்ந்து செல்கிறது. நீராவி முகிலாகும்போது அவ்வெப்பம் காற்றில் விடுபடுகிறது. எக்கடற்பரப்பு எவ்வளவு வெப்பத்தைக் காற்றுக்கு ஈகிறது என்று அளந்தறிவது கரையோர மக்களின் உயிர்காக்கும் பணி.

பரந்த கடல் முழுவதையும் கப்பல்களால் அளக்க இயலாது, செயற்கைக்கோள்களே துணை. 2009-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓசன்சாட்-2, அதன் வழிவந்த ஸ்கேட்சாட்-1, ஓசன்சாட்-3 ஆகியவை ரேடார் அலைகளைக் கடல்மீது செலுத்தி, சிற்றலைகளில் பட்டு அவை மீளும் வலிமையைக் கொண்டு காற்றின் வேகத்தைக் கணிப்பதற்கென அமைந்தவை. நீர்ப்பரப்பின் வெப்பநிலையை அகச்சிவப்பு, நுண்ணலைக் கருவிகள் தருகின்றன. ஆயினும் ஆவியாதலைக் கணக்கிட இவை போதா. அலைகளுக்குச் சில மீட்டர் மேலே காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் உள்ளது என்பதும் தெரிதல் வேண்டும். விண்ணிலிருந்து நோக்கும் கருவிக்கோ, காற்று மண்டலம் முழுவதிலுமுள்ள நீராவியின் மொத்தமே தெளிவாகப் புலப்படுகிறது. அடிப்பகுதியின் ஈரத்தை அதிலிருந்து உய்த்துணர வேண்டியிருக்கிறது. பிழை நுழையும் முதன்மையான வாயில் இதுவே. உலகக் கடல்கள் அனைத்தின் வெப்ப வரவும் செலவும், நீண்டகாலச் சராசரியில், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வாட் வேறுபாட்டுக்குள் பொருந்த வேண்டும். செயற்கைக்கோள்வழிக் கணக்குகள் பலவற்றில் 10 வாட்டுக்கும் மேல் இடைவெளி நிற்கிறது. புவியில் சேரும் மிகை வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஏற்பது கடல் எனும்போது, இப்பிழையைச் சிறிதென்று ஒதுக்கலாகாது.

வங்கக் கடலில் இடர் இன்னும் மிகுதி. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொணரும் நன்னீர், கீழுள்ள உவர்நீரோடு எளிதில் கலவாமல் மேலே படர்ந்து கிடக்கிறது. அப்படலத்தின் அடியிலும் வெப்பம் தேங்குகிறது. பரப்பை மட்டுமே காணும் விண்கருவி அதனை உரைக்காது.

உரைக்க வல்லவை மிதவைகள். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆழ்கடலில் நிறுத்தியுள்ள மிதவைகள் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் அங்கேயே அளக்கின்றன. நீருக்கடியில் வெப்பமும் உப்பும் மாறும் வகையையும் பதிகின்றன. செயற்கைக்கோள் கணிப்பு மெய்யா என்று உரைத்துப் பார்க்க இவையே உரைகல். ஆனால், படகுகளை அவற்றில் கட்டுவதாலும் உறுப்புகள் களவுபோவதாலும் பதிவுகள் இடையறுகின்றன. விண்கலம் ஏவும் நாளில் நாடு கொள்ளும் பெருமிதம் நமக்கும் உரியதே. அதே அக்கறை, பழுதுற்ற மிதவையைச் சீர்செய்யப் புறப்படும் கப்பலுக்கும் உரியதாக வேண்டும். கடல்நோக்கும் ஒவ்வொரு செயற்கைக்கோள் திட்டத்திலும் மிதவைப் பராமரிப்புக்கு நடுவண் அரசு தனி நிதி ஒதுக்குக. மிதவைகளின் காவலில் மீனவர் சங்கங்களைப் பங்காளிகளாக ஏற்று, மிதவைகள் தரும் தரவுகளின் பயனை முதலில் மீனவர்களுக்கே சேர்ப்பிக்க வேண்டும்.