நள்ளிரவிலும் ஆசிரியர் வேண்டும்

1664ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு சிறு வைத்தியசாலையாகத் தொடங்கி, இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் சென்னை அரசு பொது மருத்துவமனையை ‘ஜி.எச்.’ என்றும் ‘பெரியாஸ்பத்திரி’ என்றும் மக்கள் உரிமையோடு அழைத்து வருவதற்குக் காரணம், எந்நேரத்தில் எவர் வந்தாலும் அதன் வாசல் அடைபட்டிருக்காது என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் நெஞ்சில் ஊறிப்போன நம்பிக்கையே ஆகும். மதுரையிலும் கோவையிலும் திருநெல்வேலியிலும் உள்ள பெரிய அரசு மருத்துவமனைகள் மீதும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் நள்ளிரவு கடந்தபின் அத்தகைய மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள், தங்களை எதிர்கொண்டு ஓடிவரும் டாக்டர் பெரும்பாலும் ஒரு மாணவர் என்பதை அறியமாட்டார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, நுழைவுத் தேர்வில் வென்று, அவசர மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. பயிலவந்திருக்கும் அந்த இளைஞரை மருத்துவமனை வழக்கில் ‘பி.ஜி.’ என்பார்கள். அவர் மாணவராக இருப்பதில் குறையொன்றுமில்லை; போதனா மருத்துவமனை என்றாலே அங்கே ஒருவர் கற்றுக்கொண்டிருப்பார் என்றுதான் பொருள். அந்த நேரத்தில் அவருக்குக் கற்பிக்க அங்கே யார் இருக்கிறார் என்பதே நான் எழுப்ப விரும்பும் கேள்வி. எந்த ஒரு மருத்துவமனையையும் சுட்டி இதை எழுதவில்லை. நீண்டகாலம் மருத்துவக் கல்வியோடு உறவாடியவன் என்ற முறையில், பல இடங்களில் கண்ட பொதுவான நிலையையே சொல்கிறேன்.

அவசர மருத்துவம் என்ற துறை பிறந்ததே இந்தக் கேள்விக்கு விடை காணும் முயற்சியில்தான். 1960களின் தொடக்கத்தில், செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் முன்னணியில் நின்ற அமெரிக்காவில்கூட, அவசர சிகிச்சை அறை என்பது மருத்துவமனையில் யாருக்கும் சொந்தமில்லாத பிரதேசமாக இருந்தது. அறுவை நிபுணருக்கு அறுவை அரங்கும், இருதய நிபுணருக்கு அவருடைய வார்டும் இருக்க, மாரடைப்பும் தலைக்காயமும் குழந்தையின் வலிப்பும் ஒரே வாசல் வழியாக வந்து விழுந்த அந்த அறையை, பட்டம் பெற்ற ஈரம் காயாத பயிற்சி மருத்துவரிடமோ, முறைவைத்து அனுப்பப்பட்ட ஏதோ ஒரு துறைக்காரரிடமோ ஒப்படைத்திருந்தார்கள். 1961இல் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்கள் சிலரும் தம் சொந்த கிளினிக்குகளை விட்டுவிட்டு, இந்த அறையே இனி எங்கள் முழுநேரப் பணி என்று வந்து அமர்ந்தார்கள். 1970இல் சின்சினாட்டி பொது மருத்துவமனையில் இத்துறைக்கான முதல் பயிற்சித் திட்டம் தொடங்கி, புரூஸ் ஜானியாக் என்பவர் அதன் முதல் மாணவரானார். தனித்துறை என்ற அங்கீகாரம் அங்கே 1979இல் கிடைத்தது. நம் நாட்டில் இந்திய மருத்துவக் கவுன்சில் அதை வழங்கியது 2009இல்தான். ஆக, அனுபவமற்றவரைத் தனியே நிறுத்தக்கூடாது என்ற ஒரே நியாயத்தின்மீது எழுந்த ஒரு துறையின் பெயரால், அனுபவமற்றவரைத் தனியே நிறுத்திவைக்கும் விபரீதத்தை நாம் அனுமதித்துக்கொண்டிருக்கிறோம்.

வாசல்வரை வருகிற பாதை நம்மிடம் வெகுவாகச் சீர்பட்டிருக்கிறது என்பதை மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும். 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற ஒரு தொழிலாளியை, இடமில்லை என்றும் வசதியில்லை என்றும் சொல்லிக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், உயிர் காக்கும் அவசர சிகிச்சையை மறுப்பது அரசியல் சாசனம் தரும் உயிர்வாழும் உரிமையையே மீறுவதாகும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021இல் வந்தது. பெரிய மருத்துவமனைகளில் வருபவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரித்து, சிவப்புக்கு உரியவரை ஒரு க்ஷணமும் தாமதிக்காமல் உள்ளே அழைத்துச்செல்லும் ஏற்பாடும் வேரூன்றிவிட்டது. இத்தனை பாடுபட்டு வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்த உயிரை, வாசலுக்குள்ளே ஏந்திக்கொள்ளும் கைகளுக்கு என்ன பயிற்சி தந்திருக்கிறோம் என்பதில்தான் நம் சிரத்தை குன்றிப்போகிறது.

கல்லூரியின் பகற்பொழுது வேறு, இரவு வேறு. பகலில் பேராசிரியர் இருப்பார், துணைப் பேராசிரியர்கள் இருப்பார்கள், காலை ரவுண்ட்ஸ் நடக்கும், கேள்விகள் பிறக்கும். மாலையானதும் அறை அறையாக விளக்கணைந்து, பெரியவர்கள் ‘கூப்பிட்டால் வருவோம்’ என்ற நிலைக்குச் சென்றுவிட, முதலாண்டு பி.ஜி.யும், அவருக்கு ஓராண்டே மூத்த இரண்டாமாண்டு பி.ஜி.யும், ஹவுஸ் சர்ஜன்கள் இருவர் மூவரும் மிஞ்சுகிறார்கள். நெடுஞ்சாலை விபத்துகளும், குடும்பச் சண்டையின் முடிவில் விஷமருந்தியவர்களும், விடியற்கால மாரடைப்புகளும் வந்து குவிவது அந்த நேரத்தில்தான். போன் செய்து கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்தவருக்குத்தானே போன் பயன்படும்? தன் கண்ணெதிரே ஓர் ஆபத்து உருவாகிக்கொண்டிருப்பதையே அறியாத ஒருவர் யாரையும் எழுப்பமாட்டார்.

பூச்சிமருந்து குடித்தவர் ஒருவரின் படுக்கையருகே சற்று நின்று பார்ப்போம். மூச்சுக்குழல்களில் நீர் ஊறி, மார்பெல்லாம் குமிழியிட்டு இரைய, வாயில் நுரை தள்ளிக் கிடக்கும் அவருக்கு அட்ரோபின் என்ற மருந்தைச் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டே போகவேண்டும் என்பதைப் புத்தகம் படித்த எந்த மாணவரும் அறிவார். எங்கே நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. புதியவர் டார்ச் அடித்துப் பார்க்கிறார், குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்த கண்பாவை சற்று விரிந்திருக்கிறது, நாடியும் வேகமெடுத்துவிட்டது, போதும் என்று எண்ணுகிறார். அருகில் அனுபவஸ்தர் ஒருவர் இருந்தால், “கண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க; முதுகுப் பக்கம் கீழே ஸ்டெத் வைத்துக் கேளுங்க; அக்குளில் கை வைத்துப் பாருங்க, ஈரம் இருக்கா?” என்பார். ஈரம் இருக்கிறது. நுரையீரலின் அடியில் இரைச்சலும் நிற்கவில்லை. மருந்து தொடர்கிறது. சற்று நேரம் கழித்து அதே அக்குள் உலர்ந்து, மூச்சின் ஓசை தெளிந்ததும், ஏற்றும் வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, அளவு மீறினால் நோயாளி பிதற்றத் தொடங்குவார், உடல் கொதிக்கும், வயிறு அசைவற்றுப் போகும், அதற்கும் விழித்திருக்க வேண்டும் என்று அவரே எச்சரிப்பார். அக்குளில் வைத்த அந்தக் கையின் வழியாக மாணவருக்குள் இறங்கும் ஞானம், எத்தனை செமினார்களில் உட்கார்ந்தாலும் வராது. போனில் சொல்லியும் வராது.

இன்னொரு வகை நோயாளி, நடந்தே வருவார், பேசுவார், தண்ணீர் கேட்பார். நம் வட மாவட்டங்களில் பலர் உயிரை மாய்த்துக்கொள்ள நாடும் ஒடுவந்தழையை உட்கொண்டவர் அவர். நாடி சீராக இருக்கிறது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அவரைச் சாதாரண வார்டில் ஓரமாகப் படுக்கவைத்துவிட்டால், உடலில் பொட்டாசியம் இறங்கிக்கொண்டே போய், ரத்தம் அமிலமாகி, ஓரிரு நாளில் இருதயம் தாளம் தப்பி நின்றுபோகக் கூடும். மேல்நாட்டு ஆசிரியர்கள் எழுதிய பருத்த பாடநூல்களில் இந்தத் தழைக்கென்று அத்தியாயம் கிடையாது. இங்கே பல இரவுகள் விழித்தவர்களின் நினைவில்தான் அந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் வீட்டில் உறங்க, மாணவர் மட்டும் வார்டில் விழித்திருந்தால் அந்த அறிவு எப்படித்தான் கைமாறும்?

கற்றுக்கொள்ள வேண்டியவற்றுள் மிகக் கடினமானது மருந்தைப் பற்றியதே அல்ல. அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தியும் திரும்பாத உயிரைப் பற்றி, வராந்தாவில் காத்திருக்கும் தாயிடம் போய்ச் சொல்லவேண்டும். தனியே விடப்பட்ட இளைஞர், பயத்தாலும் கூச்சத்தாலும், “பார்த்துக்கிட்டிருக்கோம்மா, கொஞ்சம் கிரிட்டிகல்தான்” என்று இழுத்தடித்துவிட்டு உள்ளே ஒதுங்குவார். ஒரு மணி நேரம் கழித்து உண்மை வெளிப்படும்போது துக்கம் கோபமாக மாறும். மூத்தவர் ஒருவர் உடனிருந்தால், அந்தத் தாயை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தாமும் எதிரே அமர்ந்து, செய்தவை இன்னவென்று நான்கு வாக்கியங்களில் சொல்லி, பிள்ளை இறந்துவிட்டான் என்பதை மறைக்காமல் கூறி, அந்த அழுகை அடங்கும்வரை எழுந்திராமல் இருப்பார். பக்கத்தில் நிற்கும் மாணவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மருத்துவர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழகத்தில் 2008ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது, அது அவசியமானதே. ஆனால் வார்டின் கண்ணாடி உடைபடும் பல இரவுகளில், வார்த்தை சொல்லத் தெரிந்த ஒரு பெரியவர் அங்கே இல்லாததே முதற்காரணமாக இருந்திருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்கு மறுமொழியாக, “நாங்கள் எல்லாம் அப்படித்தானே கற்றோம், தண்ணீரில் தள்ளிவிட்டால்தானே நீச்சல் வரும்” என்று என் தலைமுறையைச் சேர்ந்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள்மீது எனக்குள்ள மரியாதை குறையாமலே ஒன்று சொல்வேன்: தள்ளிவிடப்பட்டவர் நீந்தக் கற்ற அந்த நேரத்தில் மூழ்கிப்போனவர் வேறொருவர், அவர் திரும்பிவந்து சாட்சி சொல்வதில்லை. நோயாளிகளின் பெருக்கமே சிறந்த ஆசான் என்ற வாதமும் பாதி உண்மைதான். நூறு பேரைப் பார்த்தவர், தவறு எது என்று சுட்டிக்காட்ட ஒருவர் இல்லாவிட்டால், ஒரே தவற்றை நூறு முறை செய்து அதில் தேர்ச்சி பெற்றுவிடவும் கூடும்.

வேலை நேரத்தைப் பற்றி அதிகம் வாதிக்க வேண்டியதில்லை. விதி ஏற்கெனவே இருக்கிறது. பயிற்சி மருத்துவர்களின் பணி தொடர்ச்சியாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் பொதுவாக மீறலாகாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அமெரிக்காவில் அவசர மருத்துவம் பயில்பவர் அவசரப் பிரிவில் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் நோயாளிகளைப் பார்க்கக்கூடாது. இங்கேயோ 24 மணி நேரமும் 36 மணி நேரமும் தொடர்ந்து நிற்பது பல துறைகளில் இன்றும் சர்வசாதாரணம். 2024 ஆகஸ்ட் மாதம் கல்கத்தா மருத்துவக் கல்லூரி ஒன்றில், நெடிய பணிக்கு நடுவே கண்ணயர வேறு இடமின்றிக் கருத்தரங்கு அறையில் படுத்திருந்த ஒரு பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபோது, நாடே கொதித்தெழுந்தது. நியாயமான கொதிப்பு. அந்தப் பெண்ணுக்கு ஓர் ஓய்வறைகூட இல்லாமற்போன சூழ்நிலை எத்தனை ஊர்களில் அப்படியே நீடிக்கிறது என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

இந்நிலையில், கல்வியை நிர்வகிக்கும் ஸ்தாபனத்தின் போக்கு எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், எம்.பி.பி.எஸ். கற்பிக்கும் கல்லூரிகளுக்கு அவசர மருத்துவத் துறையைக் கட்டாயமாக்கின. நல்ல காலம் பிறந்தது என்று மகிழ்ந்தோம். 2023ஆம் ஆண்டு விதிகளில் இருக்கவேண்டிய துறைகளின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. துறையே கட்டாயமில்லை என்றால் பணியிடங்கள் எங்கிருந்து வரும்? பணியிடங்கள் இல்லாமல், இரவு உட்பட மூன்று ஷிப்டுகளுக்கும் ஆசிரியர்களைப் பங்கிட்டு அனுப்புவது எப்படி? மேலும், எம்.டி. மாணவர்கள் படிப்பின் நடுவே மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்பது இன்றைய விதி. நோக்கம் உயர்ந்தது. ஆனால் நகரத்துப் பெரிய மருத்துவமனையிலேயே இரவில் ஆசிரியர் முகம் காணாதவர், மாவட்டத்துக்குப் போய் அங்கே எதைச் செயலில் காட்டுவார்?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். அவசர மருத்துவத் துறையின் ஆசிரியர்கள், உதவிப் பேராசிரியர் முதல் பேராசிரியர் வரை, முறைவைத்து இரவிலும் பணியில் இருக்கவேண்டும்; அழைத்தால் வருபவர்களாக அல்லாமல், அந்த வார்டிலேயே நிற்பவர்களாக. இரவில் நின்றவருக்கு மறுநாள் பகலில் முழு ஓய்வு தரவேண்டும். அதற்கேற்பப் பணியிடங்களைக் கூட்டவேண்டும். இப்போது மாணவர்கள் செய்த சிகிச்சைமுறைகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கில், மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து விழுகிறது. மூச்சுக்குழாயில் டியூப் போட்டதையும் மார்பில் குழாய் செருகியதையும் கண்ணால் கண்டவரே, கண்ட அந்த வேளையிலேயே கையெழுத்திட வேண்டும் என்று விதித்தால், இரவில் ஆசிரியர் இருந்தாரா இல்லையா என்பது அந்தப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமே என்று நிதித்துறையினர் தயங்கலாம். புதிய கட்டிடத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஒரு கல்லூரிக்கு ஏழெட்டு ஆசிரியர்களைக் கூடுதலாக நியமிக்கும் சம்பளம் பெரிதன்று. கிடைக்கும் ஆட்கள் போதாத மாவட்டங்களில், மயக்க மருத்துவத்திலும் பொது மருத்துவத்திலும் தேர்ந்த மூத்தவர்களை இரவுப் பொறுப்புக்குச் சேர்த்துக்கொண்டு தொடங்கலாம். ஆசிரியர்கள் கல்லூரிக்கு வருவதை முகத்தைப் படம்பிடித்துப் பதிவு செய்யும் முறையை ஆணையம் 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதே கருவி இரவு இரண்டு மணிக்கும் வேலை செய்யும். அவசர மருத்துவத்தில் எம்.டி. இடங்களைக் கோரும் ஒவ்வொரு கல்லூரியிடமும், கடந்த ஓராண்டில் எத்தனை இரவுகளில் ஓர் ஆசிரியர் பணியில் இருந்தார் என்ற கணக்கைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்த பிறகே அங்கீகாரத்தைப் புதுப்பிப்பது என்று ஆணையம் முடிவெடுக்குமானால், இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் மாணவர்கள் தேர்வெழுதி வெளியேறுவதற்குள் அந்த மாற்றத்தின் பலனை அடைந்துவிட முடியும்.